சல்லடை மேடையில் தொங்கும் சடை

சேர்ந்த அன்றைக்கே நீங்கள் நால்வரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். சல்லடை மேடைத் தூணில் கறுப்பாக ஒரு கயிறு தொங்குகிறதே, அது என்ன? முனிரத்தினம் அண்ணன் சிரித்துவிட்டு என்னைக் கை காட்டினார். அன்றைக்கு எனக்கு நின்று சொல்ல நேரமில்லை. இப்போது நம் இரண்டாவது ஆலையைக் கிளப்பிவிடத் தெற்கே போகிறேன். போவதற்குள் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

பணி அனுபவம் எழுதுவது ஓய்வு பெற்றவர்கள் செய்கிற காரியம் என்று தெரியும். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் கழிவுநீர்ச் சேற்றிலிருந்து வாயு எடுக்கிற இந்தத் தொழிலில் இந்த வட்டாரத்தில் தலை நரைத்தவர் ஒருவரும் கிடையாது. அதனால் இப்போதைக்கு நான்தான் கிழவன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருப்பதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீர் தெளிந்த பிறகு அடியில் தங்கும் சேறு நமக்கு வருகிறது. சலித்து, காயவைத்து, காப்பித்தூள் மாதிரி ஆனதும் மூடிய கலத்துக்குள் ஒரு ஸ்க்ரூ சுற்றிச் சுற்றித் தள்ளுகிறது. கீழேயிருந்து காற்று ஊதுகிறோம், ஆனால் அரை வயிற்றுக்குத்தான். வயிறு நிறையக் கொடுத்தால் எரிந்து சாம்பலாகிவிடும். பட்டினி போட்டால், எரியவும் முடியாமல் சும்மா கிடக்கவும் முடியாமல், உடைந்து வாயுவாகிறது. அதைக் கழுவி வடிகட்டினால் நாற்றமே இருக்காது. வருகிற விருந்தினர்கள் எல்லாரும் இந்த இடத்தில் கை தட்டுவார்கள். நீங்கள் தட்டாதீர்கள். நாற்றமில்லாத அந்த வாயுவைச் சுவாசித்தால் ஆள் சத்தமில்லாமல் சாய்ந்துவிடுவான். உங்கள் காலரில் மாட்டியிருக்கும் சின்ன மீட்டர் அதற்குத்தான். குழாய்க்குள் அதோடு காற்றும் கலந்து நின்றால் வெடிக்கும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதன்முதலில் அது பற்றிக்கொண்ட நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. மாதக்கணக்கில் புகை, தார், அடைப்பு என்று அல்லாடியிருந்தோம். ஒரு மத்தியானம் வெளிக்குழாயின் முனையில் நெருப்பு வந்தது. நீலம். நுனியில் மட்டும் கொஞ்சம் ஆரஞ்சு. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுக்கிய சேறு, வாழைப்பூ இதழ் மாதிரி அசைந்து அசைந்து எரிந்தது. என் கூட்டாளி ஜான்சன் ஓடிப்போய் எல்லாரையும் கட்டிப்பிடித்தான். சிரித்தே பார்த்திராத எங்கள் மேனேஜர் தலைக்கவசத்தைக் கழற்றி மேலே எறிந்தார். அது கூரைத் தகரத்தில் மாட்டிக்கொண்டு வெகுநாள் அங்கேயே இருந்தது.

அந்த நெருப்பின் ஒரு துண்டை நாங்கள் அணையவே விடுவதில்லை. பேனல் அறைக் கண்ணாடிக்கு வெளியே ஒரு சின்ன பர்னரில், பாதுகாப்பு வலை வைத்து, எப்போதும் எரியும். கலத்திலிருந்து போகிற வாயு எப்படி இருக்கிறது என்று காட்டுவதால் அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘சாட்சி’. நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். இனிமேல் இன்னும் நன்றாகப் பாருங்கள்.

வாயு வந்துவிட்டது. வாங்க ஆள் வேண்டுமே. ஒருவரும் வரவில்லை. நாங்கள் எடுத்த வாயுவையெல்லாம் வெளிக்குழாயில் கொளுத்தி வானத்துக்கு விட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் மதிலை ஒட்டினாற்போல் இருக்கும், இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஃபோர்ஜிங் கம்பெனி, தன் கேன்டீன் பாய்லருக்கு ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம் என்றது. பாய்லர் தனிக் கொட்டகையில் இருக்கிறது. நம் வாயு அங்கே எரியும். ஆவி மட்டும் குழாய் வழியாகச் சமையல்கட்டுக்குப் போய்ப் பெரிய பாத்திரங்களில் சோறு வேகும். இதுவும் தேறாவிட்டால் ஆலையை மூடிவிடுவது என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது.

அந்தக் கேன்டீனில் சோறு ஆக்குகிறவர் என் அம்மா.

கவரைப்பேட்டைக்கு உள்ளே எங்கள் ஊர். அம்மா அப்பா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பள்ளிக்கூடத்துப் படியை எங்கள் வீட்டில் முதலில் மிதித்தவன் நான். அப்பா போன பிறகு அம்மா கேன்டீன் வேலைக்கு வந்துவிட்டார். கூட வேலை செய்கிறவர்களிடம் என் பையன் கேஸ் கம்பெனியில் எஞ்சினியர் என்று சொல்லி வைத்திருந்தார். பொய் இல்லை. அவர்கள் சிலிண்டர் கம்பெனி என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் எனக்குப் பெண் கூடப் பார்த்தார்கள். குழாய் போட மதிலில் ஓட்டை போட்ட அன்றைக்கு எது என்ன கம்பெனி என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. பெண் பார்த்தவர்கள் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஃபோர்ஜிங் தொழிலாளர்களுக்காகப் பேசுகிறவர் தேவராஜ் அண்ணன். சம்மட்டி மெஷின் ஓட்டுகிறவர், வாய் அதைவிட வேகம். மேனேஜரும் நானும் கேன்டீனுக்குப் போய் விளக்கம் சொன்னோம். கிருமி, வெப்பம், சோதனைச் சாலை என்று மேனேஜர் ஆங்கிலமும் தமிழுமாகப் பேசி முடித்ததும் தேவராஜ் அண்ணன் எழுந்தார்.

"எல்லாம் கரீட்டு சார். ஆனா பீயில வெந்த சோத்த எங்க ஆளுங்க துன்னமாட்டாங்க. அதுவும் ஆடி வெள்ளியும் அதுவுமா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டேன். அம்மா கரண்டியோடு சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தார்.

"நீ இத்தினி நாளா துன்ன நெல்லு, வயல்ல இன்னாத்த கொட்டி வெளஞ்சுதுன்னு நெனச்சிகினு கீற தேவராஜு? வெள்ளிக்கெயம மொத கை நான் துன்றேன். நான் வியுந்துட்டா நீ துன்னாத."

"யக்கா, பையனுக்கோசரம் பேசுற நீ."

"ஆமா, பேசுறேன். உன் பையனா இருந்தா நீ பேசமாட்டியா?"

அதோடு பேச்சு முடிந்தது. ஒரு வேளைச் சாப்பாடு, ஒரே வேளை, வைத்துப் பார்க்கலாம் என்று தேவராஜ் அண்ணன் ஒப்புக்கொண்டார். ஆலையின் கதி, எங்கள் வேலை, அம்மா எல்லார் முன்னாலும் கொடுத்த வாக்கு, எல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை சோற்றில் வந்து நின்றது.

இப்போது சல்லடைக்கு வருகிறேன். ஆடி மாதம் பெரியபாளையத்தம்மனுக்கு நேர்ந்துகொள்ளாத வீடு இந்தப் பக்கம் குறைவு. மஞ்சள் துணி கட்டிய பிறகு சேற்றில் கை வைக்கக் கூடாது என்பது நம் ஆலையில் எழுதாத சட்டம். மேனேஜரும் அதை மதிப்பார். சல்லடையில் நிற்கிற முனிரத்தினம் அண்ணனும் அவர் தம்பியும் அந்த வாரம் விரதம். மொட்டை போடப் பெரியபாளையத்துக்குப் போய்விட்டார்கள். அதே வாரம் மழை. சுத்திகரிப்பு நிலையத்துச் சேறு சொதசொதவென்று இருந்ததால் லாரி வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குச் சரக்கு போதாது. மேனேஜர் எங்கெங்கோ போன் போட்டு, லாட்ஜுகளின் செப்டிக் டேங்க் சேறு ஒரு லாரி பிடித்தார். சல்லடைக்கு ஆள் இல்லை, ஒரு லாரிதானே என்று நேராகக் காயப்போட்டோம். எந்த ஊர் லாட்ஜ் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பெரியபாளையம். ஆடி மாதத்தில் மொட்டை போட்டவர்கள் எல்லாரும் தலை குளிக்கிற லாட்ஜுகள்.

வெள்ளிக்கிழமை காலை எல்லாம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. கேன்டீனில் வடை, பாயசம். வடைக்கு மட்டும் பின்பக்கத்து விறகடுப்பு. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து சமையல்கட்டில் நின்றார்கள், மேனேஜர் கூடவே. பாய்லருக்கு வாயுவைத் திறந்துவிட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆவி சீறுகிற சத்தம் கேட்டதும் ஜான்சன் மேஜையில் தாளம் போட்டான். அரிசி உள்ளே போய்விட்டது என்று அம்மா போனில் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் பேனலில் எல்லாம் இன்னும் நன்றாக ஆனது. நான் வேண்டுமென்றுதான் இப்படி எழுதுகிறேன். கலத்தின் சூடு ஏறிக்கொண்டிருந்தது. வழக்கமாக அது போதவில்லையே என்றுதான் கவலைப்படுவோம். ஸ்க்ரூ மோட்டார் எப்போதையும்விட லேசாக ஓடியது. விளக்கெல்லாம் பச்சை. குழாயில் காற்று கலந்திருக்கிறதா என்று காட்டும் மீட்டர் ஒன்று மட்டும் மெல்ல மேலே நகர்ந்தது. ஆனால் மழை நாளில் அந்த மீட்டருக்குள் ஈரம் இறங்கி அது உளறுவது வழக்கம். முந்தின வாரம்கூட இரண்டு முறை எங்களை ஏமாற்றியிருந்தது.

நான் கண்ணாடிக்கு வெளியே சாட்சியைப் பார்த்தேன். அசைந்து அசைந்து நாக்கை நீட்டிக்கொண்டு எரிகிற நெருப்பு, நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. குட்டையாக, கூராக, லேசான சீறலோடு. நீலம் வெளுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் இருப்பதே தெரியவில்லை.

நெருப்பு அப்படி ஆனால், வெளியே தேட வேண்டிய காற்று அதற்குக் குழாய்க்குள்ளேயே கிடைக்கிறது என்று அர்த்தம். கலத்துக்குள் தீனி போகவில்லை. காற்று மட்டும் போகிறது. தின்ன ஆள் இல்லாத காற்று வாயுவோடு சேர்ந்து பாய்லர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

ஜான்சனுக்கும் புரிந்தது. ஆனால் அவன் மோட்டாரைக் காட்டினான். "ஸ்க்ரூ சுத்திக்கினுதான கீது? இன்னும் கொஞ்ச நேரம்டா. சோறு வெந்துரும். அப்பால நிறுத்திக்கலாம்."

மேனேஜரை அழைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்; பக்கத்தில் அந்த இரண்டு பேர். மோட்டார் ஓடுகிறதா என்றார். ஓடுகிறது என்றேன். அந்த மீட்டர் எப்போதும் இப்படித்தானே, கொஞ்சம் தாக்குப்பிடி என்றார்.

தம்பிகளா, தங்கச்சி, இந்த இடத்தில் எனக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் குழாயை நினைக்கவில்லை. அம்மா கரண்டியோடு நிற்பதை நினைத்தேன். பாய்லரில் பழைய டீசல் பர்னரைக் கழற்றி நம்முடையதைப் பொருத்தியிருந்தோம். மறுபடி மாற்ற வெகுநேரம் ஆகும். இப்போது நிறுத்தினால் சோறு பாதியில் நிற்கும். தேவராஜ் அண்ணன் சொல்லப்போவது எனக்கு இங்கேயே கேட்டது. அம்மா அதன் பிறகு அந்தக் கேன்டீனில் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பார்? கூடவே இன்னொன்றும் தோன்றியது. பாய்லர் கொட்டகைக்கும் அம்மா நிற்கிற இடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு தகரச் சுவர்.

சிவப்புப் பொத்தானை அடித்தேன்.

கேன்டீன் வால்வு மூடியது, ஊதுகாற்று நின்றது, எதையும் எரியவிடாத நைட்ரஜன் உள்ளே போனது. நாள் முழுக்கக் காதுக்குள் இருந்த இரைச்சல் போய் அப்படி ஒரு அமைதி. சாட்சி அணைந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஆவியின் சீறல் தேய்ந்து தேய்ந்து நின்றுபோனது. போன் அடித்தது. எடுக்காமல் ஜான்சனை உட்காரவைத்துவிட்டு நானே நடந்து போனேன். கெட்ட செய்தியைப் போனில் சொல்லாதீர்கள். காலால் போய்ச் சொல்லுங்கள். அன்றைக்கு நான் சரியாகச் செய்த இரண்டாவது காரியம் அது.

சமையல்கட்டில் அம்மா ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதிதான் வெந்துகீது. இன்னா நைனா ஆச்சு?"

"நான்தான்மா நிறுத்துனேன்."

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "வடை சட்டிய எறக்குங்கடி, சோத்த விறகடுப்புக்குத் தூக்குங்க" என்று திரும்பிவிட்டார். மேனேஜர் முகம் கறுத்திருந்தது. விருந்தினர் இருவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்து ஆட்கள் வந்துவிட்டார்கள். தட்டு இருக்கிறது, சோறு இல்லை. யாரோ தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள், பிறகு எல்லாரும்.

தேவராஜ் அண்ணன் என் எதிரே வந்து நின்றார். தட்டுச் சத்தம் அடங்கியது.

"அடுப்ப யாரு அணைச்சது?"

"நான்தாண்ணா."

"யாரு அணைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. குழாயில காத்து ஏறிட்ட மாதிரி இருந்துது. வெடிச்சிருக்கலாம். வெடிக்காமயும் போயிருக்கலாம்."

"உங்க மேனேஜரு இன்னா சொன்னாரு?"

மேனேஜரே சொன்னார். "நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்." எத்தனையோ விஷயத்தில் அவரோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் விருந்தினர் முன்னால் அவர் அதைச் சொன்னார். அதை நான் எங்கே போனாலும் சொல்வேன்.

தேவராஜ் அண்ணன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது.

"முன்ன வேற கம்பெனில இருந்தேன். ஆயில் ஃபர்னஸு. காத்து ஏறிப்போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். லோடு முடியட்டும், அப்பால பாத்துக்கலாம்னான் ஃபோர்மேன்." சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "எங்க ஷாப்புல இன்னிக்கும் ஒர்த்தன் கைய தூக்குனா சம்மட்டி நிக்கும். ஏன் தூக்குனன்னு அப்பாலதான் கேப்போம்."

பிறகு தன் ஆட்களைப் பார்த்துத் திரும்பினார். "விறகுல வேவட்டும். குந்துங்கடா. வடை வரும்."

முணுமுணுப்பு இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தார்கள்.

கலம் ஆறிய பிறகு ஸ்க்ரூவைத் திறந்தோம். தேவராஜ் அண்ணனும் பார்க்க வந்திருந்தார். தண்டு முழுக்க முடி. சுற்றிச் சுற்றி இறுகி, ஸ்க்ரூ வழவழவென்று உருட்டுக்கட்டை மாதிரி ஆகியிருந்தது. சுற்றும், தள்ளாது. மோட்டார் ஏன் அவ்வளவு லேசாக ஓடியது என்று தெரிந்தது. ஜான்சன் அறுத்து இழுக்க இழுக்க, சடை மாதிரி நீளமாக வந்துகொண்டே இருந்தது. எந்த ஊர் லாரி என்று அப்போதுதான் மேனேஜர் வாய்விட்டுச் சொன்னார்.

தேவராஜ் அண்ணன் முகத்தில் என்னமோ மாறியது. "போன ஞாயித்துக்கெயம எம் பொண்ணுக்கு அங்கதான் மொட்ட போட்டேன். லாட்ஜுலதான் குளிப்பாட்டுனோம்." சடையைக் குனிந்து பார்த்தார். "அப்ப இதுல எங்க ஊட்டு முடியும் கீதுன்னு சொல்லு."

"முடி மட்டுமா, அண்ணா?" என்றான் ஜான்சன்.

முதலில் சிரித்தவர் தேவராஜ் அண்ணன்தான். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க ஊட்டுதுன்னா பரவால்ல, சோத்த திரும்ப வைங்கடா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சடையைத்தான் நீங்கள் தூணில் பார்க்கிறீர்கள். விரதம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்த முனிரத்தினம் அண்ணனைப் பார்த்து எல்லாரும் உன் முடிதானே என்று கேட்டுப் பேஜாராக்கினார்கள். அவரே அதைத் தூணில் கட்டினார். அன்றிலிருந்து ஆடியில் யார் விரதம் இருந்தாலும், சல்லடைக்கு மாற்று ஆள் வந்து நின்ற பிறகுதான் மஞ்சள் துணி கட்டுவது.

தேவராஜ் அண்ணனே திரும்ப வைக்கச் சொல்லிவிட்டதால் தலைமை அலுவலகம் இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுத்தது. அடுத்த வாரம் மறுபடி வைத்தோம். முழுக்கச் சலித்த சரக்கு. சாட்சி நாக்கை நீட்டிக்கொண்டு அழகாக எரிந்தது. நான் அதை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. சோறு வெந்துவிட்டது என்று தகவல் வந்ததும் ஜான்சனிடம் பேனலைக் கொடுத்துவிட்டு மதிலைச் சுற்றி ஓடினேன்.

அம்மா எல்லார் முன்னாலும் ஒரு பிடி சோற்றை வெறுமனே வாயில் போட்டு மென்று விழுங்கினார். விழவில்லை. தேவராஜ் அண்ணன் அடுத்த தட்டை நீட்டினார். அவர் பின்னால் வரிசை நின்றது. நான் வாசலில் நின்றபடி ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது எதையாவது சொல்வார்கள், நெருப்பைப் பற்றி, நாற்றத்தைப் பற்றி, நம் ஆலையைப் பற்றி. தேவராஜ் அண்ணன் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். கூடமே அவரைப் பார்த்தது.

"யக்கா," என்றார், "சாம்பார்ல உப்பே இல்ல."

"இருக்கறது போதும், துன்னு" என்றார் அம்மா.

இன்றைக்கு வரைக்கும் அந்தக் கேன்டீனில் சாம்பாரைப் பற்றித்தான் சண்டை.